செவ்வால் கெளுத்தி வளர்ப்பு: தொட்டி முதலில், மீன் கடைசியில்

வண்ணமீன் கடையில் ரெட் டெயில் கேட்ஃபிஷ் என்று கேட்டால் விரல் நீளக் குஞ்சு ஒன்றைக் காட்டுவார்கள். கறுத்த முதுகு, பக்கவாட்டில் வெள்ளைப் பட்டை, நீண்ட மீசை, வாலில் இலேசாகச் சிவப்பு. பார்த்தவுடன் பிடித்துப்போகும். எனக்கும் அப்படித்தான் பிடித்தது. நான்கடித் தொட்டியில் விட்டு, ஐந்தாவது மாதம் இழந்தேன். இப்போது இருப்பது இரண்டாவது மீன், ஆறு வருடமாக நன்றாக இருக்கிறது. இரண்டுக்கும் தீனி ஒன்றுதான், அக்கறையும் குறைவில்லை. வேலைகளைச் செய்த வரிசைதான் வேறு. அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. முழு வளர்ச்சிக்குக் கணக்குப் போடுங்கள்

தென்னமெரிக்காவின் அமேசான், ஒரினோகோ, எஸக்கிபோ ஆற்றுப் படுகைகளில் வாழும் மீன் இது. ஒரு மீட்டரைத் தாண்டி வளரும். 2010இல் பிரேசிலில் தூண்டிலில் பிடிபட்ட ஒன்று 56 கிலோ இருந்தது. வீட்டுத் தொட்டியில் அந்த எடை வராது. ஆனால் மூன்றடி வரும், நன்றாகப் பராமரித்தால் அதற்கு மேலும் வரும். முதல் வருடத்திலேயே ஒன்றரை அடியைத் தாண்டும். பதினைந்து வருடத்துக்கு மேல் உயிரோடு இருக்கும்.

'தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சின்னத் தொட்டியில் கழிவு சேர்ந்து மீன் நலிகிறது, முதுகு வளைகிறது, அப்புறம் சாகிறது. அதைத்தான் 'வளர்ச்சி நின்றுவிட்டது' என்கிறார்கள்.

இன்னொரு வேலையும் இப்போதே உண்டு. நாளை உங்களால் வைத்துக்கொள்ள முடியாமல் போனால் இந்த மீனை வாங்கிக்கொள்ளக்கூடிய, பெரிய தொட்டி வைத்திருக்கிற இரண்டு பேரிடம் பேசி, அவர்கள் பெயரை எழுதி வையுங்கள். இரண்டு பேர் கிடைக்கவில்லையென்றால் கிடைக்கும்வரை வாங்காதீர்கள்.

2. இடம்: தரையில் மட்டும்

நான் பரிந்துரைக்கும் அளவு 15 அடி நீளம், 8 அடி அகலம், 4 அடி ஆழம். தண்ணீர் மூன்றரை அடி நிற்கும். அது ஏறக்குறைய 12,000 லிட்டர், அதாவது 12 டன். நீளத்தைவிட அகலம்தான் முக்கியம். மூன்றடி மீன் உடம்பை மடக்காமல் திரும்ப வேண்டும். இரண்டடி அகலத் தொட்டியில் அது திரும்பும்போதெல்லாம் மூக்கும் மீசையும் சுவரில் உரசும்.

மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். மூன்றரை அடித் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டன்னுக்கு மேல் கனக்கும். ஆட்கள் நடமாடும் சாதாரண மாடித் தளத்தை ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். 'சின்டெக்ஸ் டேங்க் தாங்குகிறதே' என்பார்கள். அதைத் தூண் மேலோ சுவர் மேலோ வைத்திருப்பார்கள்.

பாதி மண்ணுக்குள் இறக்கிக் கட்டினால் கோடையில் தண்ணீர் சூடேறாது. ஆனால் சுவர் தரைக்கு மேல் ஒன்றரை அடியாவது எழும்ப வேண்டும். உங்கள் தெருவில் வெள்ளம் எந்த மட்டத்துக்கு வந்ததென்று அக்கம்பக்கத்தில் கேட்டு, அதற்கும் மேலே வையுங்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் சாலக்குடி ஆற்றில் அரபைமா பிடிபட்டது. யாரோ வளர்த்த தென்னமெரிக்க மீன் அப்படித்தான் ஆற்றுக்குப் போனது.

3. தொட்டி கட்டும்போது கொத்தனாரிடம் சொல்ல வேண்டியவை

உள்பூச்சு வழவழவென்று இருக்க வேண்டும். இந்த மீனுக்குச் செதில் கிடையாது. சொரசொரப்பில் தோல் உரிந்தால் அந்தப் புண் வழியாகத்தான் எல்லா நோயும் நுழையும். மூலைகளை வளைவாகப் பூசச் சொல்லுங்கள். சதுர மூலையில் கழிவு தேங்கும்.

தரை ஒரு முனையை நோக்கிச் சரிய வேண்டும், அங்கே மூன்று அங்குல வடிகுழாய். பாதி மண்ணுக்குள் இருக்கிற தொட்டியென்றால் அந்தக் குழாய் பக்கத்தில் ஒரு சிறு குழிக்குப் போய், அங்கிருந்து மோட்டார் வெளியே தள்ள வேண்டும். கட்டி முடித்தபின் இதைச் சேர்க்க முடியாது. அடிக்குழாய் இல்லாத தொட்டியை வாரா வாரம் டியூப் போட்டு உறிஞ்சியவர்கள் பலர் ஆறாவது மாதம் அலுத்துப்போய் விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

தரையில் கூழாங்கல், சிப்பி எதுவும் போடாதீர்கள். வாய்க்குள் நுழைவதை எல்லாம் இந்த மீன் விழுங்கும். கல், காற்றுக்கல், வெப்பமானி, ஸ்பாஞ்சுத் துண்டு எல்லாம் வயிற்றுக்குள் போனதுண்டு. பல நேரம் கக்கிவிடும். கக்காதபோது குடல் அடைத்துவிடும். ஒளிந்துகொள்ள ஒரு பெரிய சிமென்ட் குழாய் போதும். பகலில் பெரும்பாலும் அதற்குள்தான் கிடக்கும், இருட்டியபின்தான் வலம் வரும்.

மேலே இரும்புச் சட்டத்தில் வலை கட்டாயம். மீன் துள்ளும், அது ஒரு காரணம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்கள் பாதுகாப்புதான் முதல் காரணம். வலைக்கு மேலே பச்சை நிழல்வலை ஒரு பாதிக்குப் போட்டால் பாசியும் குறையும், சித்திரை வெயிலும் தாக்காது. தண்ணீர் 24 முதல் 28 டிகிரிக்குள் இருப்பது நல்லது. 32ஐத் தொட்டால் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள், தீனியைக் குறையுங்கள்.

4. சிமென்ட் காரத்தை எடுங்கள்

புதுச் சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்புக் காரம் இறங்கி பி.எச். என்கிற அமில-கார அளவை 10க்கு மேலே கொண்டுபோய்விடும். அதில் விட்ட மீன் ஒரே நாளில் போய்விடும்.

பூச்சு இறுகியபின் தொட்டியை நிரப்பி, வாழைத்தண்டைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள். ஒரு வாரம் அழுகட்டும். தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சுவரைத் தேய்த்துக் கழுவி, திரும்ப நிரப்புங்கள். இப்படி மூன்று முறை. கடைசியாக வெறும் தண்ணீர் நிரப்பி மூன்று நாள் விட்டு பி.எச். பாருங்கள். நிரப்பும்போது இருந்த அளவிலேயே நின்றால் சரி. ஏறியிருந்தால் இன்னொரு முறை.

நாற்றம் வரும், வீட்டில் முகம் சுளிப்பார்கள். இருந்தாலும் மூன்று வாரத்தை ஒரு வாரமாகச் சுருக்காதீர்கள்.

5. வடிகட்டி

கடையில் கிடைக்கிற பெட்டி வடிகட்டி எதுவும் இந்த மீனுக்குக் காணாது. வாரத்தில் இரண்டு முறை தின்றாலும் ஒரே நேரத்தில் பெரிய அளவில் கழிக்கிற உயிர் இது. நீல டிரம் வடிகட்டிதான் மலிவு, நீடித்தும் உழைக்கும். 200 லிட்டர் டிரம் மூன்றை வரிசையாக இணையுங்கள்.

முதல் டிரம் வெறும் படிவுக்கு. கழிவு அடியில் தங்கும், வால்வைத் திறந்தால் வெளியே போகும். இரண்டாவதில் முரட்டு ஸ்பாஞ்சு மேட். மூன்றாவதில் நுண்ணுயிர் தங்குகிற பிளாஸ்டிக் மீடியா, அதற்கு அடியிலிருந்து காற்று. வரிசை மாறக்கூடாது. மீடியாவை முதலில் வைத்தால் கழிவு படிந்து அடைத்து, நுண்ணுயிர் மூச்சுத் திணறிச் செத்துவிடும்.

பம்ப் இரண்டு மணி நேரத்தில் மொத்தத் தண்ணீரையும் ஒருமுறை சுற்ற வேண்டும். 12,000 லிட்டருக்கு மணிக்கு 6,000 லிட்டர். பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு, தண்ணீரை உயரத்துக்கு ஏற்றாதபோது வருவது. ஐந்தடி ஏற்றினால் நன்றாகவே குறையும். அதனால் 8,000 அல்லது 10,000 என்று எழுதியதை வாங்குங்கள். உறிஞ்சும் வாயில் ஓட்டை போட்ட குழாயை மாட்டி வையுங்கள். இல்லாவிட்டால் மீசை உள்ளே மாட்டும்.

6. தண்ணீரைப் பழக்குங்கள்: ஐந்து, ஆறு வாரம்

பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். என் முதல் மீன் போனதும் இதனால்தான்.

மீன் கழிவிலிருந்து அமோனியா வருகிறது. ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக்கும், இன்னொன்று அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவது சேர்ந்தால்தான் தொல்லை, தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்த நுண்ணுயிர்கள் மீடியாவில் குடியேற வாரக்கணக்கில் ஆகும். புதுத் தொட்டியில் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும், ஆனால் உள்ளே இவை ஒன்றும் இருக்காது.

வடிகட்டியை ஓடவிட்டு, தினமும் ஒரு கைப்பிடி மீன் தீவனத்தைத் தண்ணீரில் போடுங்கள். அது அழுகி அமோனியா தரும். சோதனைக் கிட் வாங்கி இரண்டு நாளைக்கு ஒருமுறை பாருங்கள். முதலில் அமோனியா ஏறும், அப்புறம் அது இறங்க நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கும். தினமும் தீனி போட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டும் பூஜ்ஜியத்தில் நின்றால் தொட்டி தயார். ஓடிக்கொண்டிருக்கும் நல்ல தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்சு கிடைத்தால் இரண்டு வாரம் மிச்சம். நோயில்லாத தொட்டியா என்று பார்த்து வாங்குங்கள்.

போர் தண்ணீர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பி.எச். 7லிருந்து 8க்கு ஏறினால், அமோனியாவில் விஷமாக இருக்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். சூடு ஏறினாலும் கூடும். நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் 8ஐ ஒட்டித்தான் இருக்கிறது. அதனால் 'கொஞ்சம் அமோனியா இருந்தால் பரவாயில்லை' என்று குளிர்நாட்டு வீடியோக்களில் சொல்வது நமக்குப் பொருந்தாது.

இந்த ஐந்து வாரத்தில் கொசு முட்டையிடும். பத்துப் பதினைந்து கப்பி மீன்களை விட்டுவிடுங்கள், புழுவைத் தின்றுவிடும். பெரிய மீன் வருவதற்கு முன் அவற்றை எடுத்து வேறு தொட்டிக்கு மாற்றிவிடலாம்.

7. மின்வெட்டு

12 வோல்ட் பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்றைத் தனியாக மாட்டி வையுங்கள். ஒரு குழாய் தொட்டிக்கு, ஒரு குழாய் மூன்றாவது டிரம்முக்கு. எல்லோரும் தொட்டிக்கு மட்டும் கொடுக்கிறார்கள். இவ்வளவு தண்ணீரில் ஒரு மீன் சில மணி நேரம் சமாளித்துவிடும். காற்றில்லாமல் டிரம்மில் இருக்கும் நுண்ணுயிர்தான் முதலில் சாகும். கரண்ட் வந்ததும் அந்த அழுகல் தண்ணீர் தொட்டிக்குள் வரும், அடுத்த நாள் அமோனியா ஏறும்.

8. குஞ்சு வாங்குவது

இப்போது கடைக்குப் போகலாம். சென்னையில் கொளத்தூர் பக்கம் போனால் ஒரே தெருவில் நாலைந்து கடைகளை ஒப்பிடலாம். மீசை ஆறும் முழுதாக இருக்கிறதா பாருங்கள். வயிறு ஒட்டியிருக்கக்கூடாது, புடைத்தும் இருக்கக்கூடாது. அடியில் நிமிர்ந்து நிற்க வேண்டும், சாய்ந்து கிடப்பதை விடுங்கள். கடைக்காரரிடம் ஒரு இறால் துண்டு போடச் சொல்லிக் கேளுங்கள். தின்னாத குஞ்சை வாங்க வேண்டாம். ஆனால் வாங்குகிற நாளில் வயிறு நிறையத் தீனி போடவிடாதீர்கள். பையில் கக்கினால் வீடு வருவதற்குள் தண்ணீர் கெட்டுவிடும்.

டைகர் ஷவல்நோஸ் என்ற கெளுத்தியோடு கலந்த கலப்பினமும் இதே பெயரில் விற்கப்படுகிறது. உடம்பில் கோடும் புள்ளியும் தெரிந்து, முகம் நீண்டு தட்டையாக இருந்தால் அதுதான். மோசமான மீன் இல்லை. ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

9. முதல் மூன்று, நான்கு மாதம்

மூன்று அங்குலக் குஞ்சை 12,000 லிட்டரில் விட்டால் தின்றதா இல்லையா என்றே தெரியாது. நான்கு அல்லது ஆறடிக் கண்ணாடித் தொட்டியில் தொடங்குங்கள். அதன் வடிகட்டிக்குள் உங்கள் டிரம்மிலிருந்து எடுத்த மீடியாவைப் போடுங்கள். பெரிய தொட்டியை முதலில் பழக்கியதற்கு இது கூடுதல் பலன்.

பெரிய தொட்டி சும்மா நின்றால் நுண்ணுயிர் பட்டினியில் சாகும். இந்த மாதங்களில் அதிலும் தினமும் கொஞ்சம் தீவனம் போட்டுக்கொண்டே இருங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பிறகு மீனை மட்டும் விடுங்கள். கடைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். விளக்கை அணைத்துவிடுங்கள், முதல் நாள் தீனி இல்லை.

கூட வேறு மீன்? தன் உடம்பில் பாதி நீளமுள்ள மீனைக்கூட விழுங்கப் பார்க்கும். தனியாக வளர்ப்பதுதான் என் முடிவு.

10. தீனி

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டார். "அண்ணே, ரெண்டு நாளா சாப்பிடல, வாயத் திறந்து திறந்து மூடுது." என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். அரைக் கிலோ கோழி ஈரல். மீன் ஓரடிகூட இல்லை. போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே கக்கியது, பிழைத்தது.

இந்த மீன் எப்போதும் பசித்ததுபோலத்தான் வரும். உங்கள் கையைப் பார்த்ததும் மேலே வந்து வாய் திறக்கும். அதைப் பார்த்துப் போடக்கூடாது, நாளைப் பார்த்துப் போட வேண்டும். ஆறு அங்குலம் வரை தினமும் கொஞ்சம். ஓரடி வரை ஒருநாள் விட்டு ஒருநாள். அதற்கு மேல் வாரத்துக்கு இரண்டு முறை. இரண்டடியைத் தாண்டிய பிறகு வாரத்துக்கு ஒருமுறை போட்டாலும் தாங்கும். தின்றபின் வயிறு இலேசாக மேடிட்டால் போதும், பந்துபோல் ஆகக்கூடாது.

அடியில் அமிழும் குச்சித் தீவனத்துக்குச் சின்ன வயதிலேயே பழக்குங்கள். ஆற்றில் இது மீனும் நண்டும் மட்டுமல்ல, விழுகிற பழத்தையும் தின்கிற மீன். அதனால் தாவரச் சத்து கலந்த தீவனம் ஒத்துக்கொள்ளும். முதலில் மண்புழு, நறுக்கிய இறால். இறால் வாசனைக்குப் பழகியதும் ஈரத் தீவனத்தை அதோடு கலந்து, இறாலை மெல்லக் குறையுங்கள். இரண்டு மூன்று நாள் தின்னாமல் அடம்பிடிக்கும். பட்டினி இந்த மீனுக்கு ஒன்றும் செய்யாது, மனம் இளகாதீர்கள்.

கோல்டு ஃபிஷ், கெண்டைக் குஞ்சுகளை உயிரோடு விடுவது வேண்டாம். நோயும் ஒட்டுண்ணியும் வரும். அத்தோடு அவற்றில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. அதையே தொடர்ந்து தின்றால் நரம்புத் தளர்ச்சி வரும். மத்தி இனத்துச் சில மீன்களிலும் அது உண்டு. ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. எப்போதாவது ஒன்று என்றால் சரி. கோழி, மாட்டிறைச்சிக் கொழுப்பு மீனின் ஈரலில் படியும், அதைத் தொடவே வேண்டாம்.

கக்கினால் நான்கு நாள் தீனி நிறுத்தம். கக்கியதை உடனே எடுத்துவிடுங்கள்.

11. தண்ணீர் மாற்றம்

வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு. தீனி போட்ட மறுநாள் மாற்றுவது நல்லது. கழிவு அப்போதுதான் அதிகம். குளோரின் உள்ள குழாய்த் தண்ணீர் என்றால் முந்தின நாளே தனியாகப் பிடித்து வைத்து இரவு முழுவதும் காற்று கொடுங்கள், அல்லது ஆன்டி குளோரின் கலந்து விடுங்கள். மொத்தமாகக் கொட்டி நிரப்புகிற 'பெரிய சுத்தம்' கூடாது. ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

12. பெரிய தொட்டிக்கு மாற்றுவது

பத்து, பன்னிரண்டு அங்குலத்தில் மாற்றுங்கள். அதற்குமேல் தள்ளினால் தூக்குவதே பெரும்பாடு.

கைவலை வேண்டாம். பக்கத் துடுப்பிலும் முதுகுத் துடுப்பிலும் இருக்கும் முள் வலைக்கண்ணில் மாட்டி ஒடியும், எடுக்கப் போகிறவர் கையையும் கிழிக்கும். ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பைத் தண்ணீருக்குள் சாய்த்து, மீனை மெல்ல அதற்குள் ஓட்டி, தண்ணீரோடு தூக்குங்கள். இரண்டு பேர் வேண்டும். முந்தின மூன்று நாள் தீனி கூடாது. இரண்டு தொட்டித் தண்ணீரிலும் சூடும் பி.எச். அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

13. நோய் வந்தால்

மருந்துக்கு முன் அமோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள். நான் பார்த்த 'நோய்'களில் பெரும்பாலானவை அதில் முடிந்தன. செதில் இல்லாத மீன் என்பதால் தாமிரம் கலந்த மருந்தும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் இதைச் சீக்கிரம் தாக்கும். பாட்டிலில் எழுதிய அளவை அப்படியே ஊற்றக்கூடாது. புண்ணோ வெள்ளைப் புள்ளியோ இருந்தால் படமும் தண்ணீர் அளவுகளும் எடுத்துக்கொண்டு மீன் மருத்துவம் தெரிந்தவரைக் கேளுங்கள். பொன்னேரியிலும் தூத்துக்குடியிலும் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, அங்கேயும் கேட்டுப் பார்க்கலாம்.

14. வைத்துக்கொள்ள முடியாதபோது

வேலை மாறும், வீடு மாறும். ஏரியிலோ கிணற்றிலோ ஆற்றிலோ மட்டும் விடாதீர்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி ஏரியில் விட்ட டேங்க் கிளீனர் மீன்கள் இன்று நம் ஏரிகளில் பெருகி, மீன் பிடிக்கிறவர்களின் வலையைக் கிழிக்கின்றன. அது பாசி தின்கிற மீன். இது நம் கெண்டையையும் விராலையும் அப்படியே விழுங்குகிற மீன்.

முதல் படியில் எழுதி வைத்த இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். அதற்காகத்தான் வருடத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லும் சாக்கிலாவது, அவர்களிடம் பேசித் தொட்டியில் இடம் இருக்கிறதா என்று கேட்டு வைக்கச் சொல்கிறேன். ஒருவர் தொட்டி நிறைந்துவிட்டது என்றால் அன்றைக்கே வேறொரு பெயரைத் தேடத் தொடங்குங்கள்.